பின்னோக்கிச் செல்ல அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
உரிம ஒப்பந்தங்களை யாரும் படித்துவிடாதபடி எழுதித் தரும் பிரிவு,
மைக்ரோசாஃப்ட் நிறுவனம்,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: மடிக்கணினியோடு வந்த இயங்குதளத்தை நீக்கிவிட்டு அதற்கு முந்தியதைப் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் உரிம ஒப்பந்தம். ('ஏற்கிறேன்' என்பதை அழுத்தியவர்கள் பல கோடி. படித்தவர்கள் பற்றித் தகவல் இல்லை.)

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2007 ஜனவரி 30 அன்று தாங்கள் பொதுமக்களுக்கு விண்டோஸ் விஸ்டாவை அருளினீர்கள். கடைகளில் அடுக்கியிருந்த மடிக்கணினிகளில் அதுவே குடியேறியது. அதற்கு முந்திய, 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தாங்கள் குறித்த குறைந்தபட்ச நினைவகம் 64 எம்பி, விஸ்டாவுக்கு 512. அந்த 512-ஐ மட்டும் நம்பி விஸ்டாவை எழுப்பியவர்கள், அது எழுந்து உட்காருவதற்குள் தினத்தந்தியை வரிவிளம்பரம் வரை படித்து முடித்தார்கள். எழுந்த பிறகும் எதைத் தொட்டாலும் திரையை இருட்டாக்கி, 'செய்யச் சொன்னது நீங்கள்தானா?' என்று அது கேட்டது. எக்ஸ்பியே போதும் என்று ஜனங்கள் கெஞ்ச ஆரம்பித்தார்கள்.

தாங்கள் முடியாது என்று சொல்லவில்லை, அது பண்பாகாது. ஒப்பந்தத்தில் டவுன்கிரேடு உரிமை என்று ஒன்றை வைத்தீர்கள். விலை கூடிய விஸ்டா பிசினஸ், விஸ்டா அல்டிமேட் வாங்கியவர்கள் எக்ஸ்பி புரொஃபஷனலுக்குத் திரும்பலாம். ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் வாங்கிய குடும்பஸ்தர்களுக்கு அந்த உரிமை இல்லை. பழையதைக் கேட்கும் அளவுக்கு அவர்கள் இன்னும் செலவழித்திருக்கவில்லை. உரிமை பெற்றவருக்கும் எக்ஸ்பி தகட்டைக் கணினி நிறுவனம் மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு. இல்லையேல் அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கியவர் மட்டும் பழைய சோறு கேட்கலாம். அந்தச் சோற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். டோக்கன் காசு விஸ்டா விற்ற கணக்கில் ஏறிவிடும்.

தேடிப் பிடித்த தகட்டின் எண் ஏற்கெனவே வேறு கணினியில் பதிவாகியிருந்தால், தொலைபேசியில் அழைத்து ஐம்பது இலக்கத்துக்குக் குறையாத எண் ஒன்றை ஒப்பிக்க வேண்டும். மறுமுனை சொல்லும் இன்னொரு நீண்ட எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இதே காரியத்துக்கு, 'எக்ஸ்பி போட்டுக் குடுங்கண்ணா' என்ற ஒற்றை வாசகம் போதுமாயிருந்தது. அங்கே போட்டுத் தந்தது கள்ளப் பிரதி என்பது தங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். காசு கொடுத்து ஒழுங்காக வாங்கியவரை மட்டும் இத்தனை படி ஏற விட்டதில் ஏதோ பெரிய ராஜதந்திரம் இருக்க வேண்டும்.

நிறுவும் வைபவத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் வன்தட்டு ஏஹெச்சிஐ (AHCI) என்ற புது இணைப்பு முறைக்கு மாறியிருந்தது. எக்ஸ்பி பிறந்தபோது அப்படியொரு முறையே கிடையாது. ஆகவே தகட்டைப் போட்டதும் வன்தட்டே இல்லை என்று கையை விரிக்கும், அல்லது 7பி என்று முடியும் ஒரு பிழை எண்ணை நீலத் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். இதற்கான பரிகாரத்தையும் தாங்கள் அருளியிருந்தீர்கள்: எஃப்6 விசையை அழுத்தி, உரிய டிரைவரை ஃப்ளாப்பியில் சமர்ப்பிக்கவும். ஃப்ளாப்பி! புது மடிக்கணினியில் அதைச் செருக ஓட்டையே இல்லாத காலம் அது. விவரம் தெரிந்தவர்கள் பயாஸுக்குள் போய் வன்தட்டைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றினார்கள், அல்லது டிரைவரைத் தகட்டுக்குள்ளேயே சேர்த்துப் புதிதாக எரித்தார்கள். அதையும் தாண்டி எக்ஸ்பி ஏறினால் ஒலி வராது, வைஃபை வராது. வைஃபை டிரைவர் இணையத்தில் இருக்கும். இணையம் வர வைஃபை டிரைவர் வேண்டும்.

தங்கள் கருணையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 2008. அந்த ஆண்டு ஜூன் 30-ஓடு பெரிய கணினி நிறுவனங்களின் புதுக் கணினிகளுக்கும் கடைகளுக்கும் எக்ஸ்பி உரிமம் விற்பதை நிறுத்தினீர்கள். ஆனால் போட்டி இயங்குதளமான லினக்ஸோடு வந்த ஏஸுஸ் ஈ பிசி போன்ற குட்டி மடிக்கணினிகள் விற்கத் தொடங்கியதும், அவற்றுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோமை 2010 வரை நீட்டித்தீர்கள். சந்தையிலேயே மலிவான மடிக்கணினிக்கு எக்ஸ்பி தானாக வரும். விலை கூடியதற்கு விஸ்டா பிசினஸ் வாங்கி மனுப்போட வேண்டும். ஏழைக்கு இரங்கும் தங்கள் நெஞ்சுக்கு, போட்டியாளர் வந்த நாளும் நினைவிருந்தது.

தங்கள் வீட்டுக்குள்ளும் முணுமுணுப்பு இருந்ததே. துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், 'விஸ்டா கேபபிள்' (விஸ்டாவை ஓட்டவல்லது) என்ற ஒட்டுவில்லையை நம்பி மடிக்கணினி வாங்கி, 2,100 டாலருக்கு மின்னஞ்சல் மட்டும் பார்க்கும் இயந்திரம் கிடைத்தது என்று நொந்து எழுதினார். அவர் எழுதியது ஒரு வழக்கின் வழியே 2008-இல் வெளியே வந்தது. அவர் எக்ஸ்பிக்குத் திரும்பினாரா என்பது வழக்கில் எழாத கேள்வி.

பிறகு 2012-இல் ஸ்டார்ட் பொத்தானைப் பிடுங்கிய விண்டோஸ் எட்டாம் பதிப்பு, 2021-இல் பதினொன்று. விதி மாறவில்லை: புரோ வைத்திருப்பவர் திரும்பலாம், ஹோம் வைத்திருப்பவர் அங்கேயே இருக்கலாம். பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறியவருக்குத் திரும்பிப் போக 10 நாள் அவகாசம் தருகிறீர்கள். பதினொன்றோடு பிறந்த மடிக்கணினியை வாங்கியவருக்கு அந்த 10 நாளும் இல்லை.

பழையதற்குப் பாதுகாப்பில்லை என்பீர்கள். உண்மைதான்; எக்ஸ்பியில் இன்று வங்கிக் கணக்கைத் திறப்பது மடத்தனம். ஆனால் 2014-இல் எக்ஸ்பிக்கான ஆதரவை முடித்த தாங்களே, 2017-இல் வான்னாக்ரை என்ற கணினிக் கிருமி பரவியபோது எக்ஸ்பிக்கும் ஒரு பேட்ச் கொடுத்தீர்கள். மனம் வைத்தால் கை வருகிறது.

ஆகவே, இனி புதுப் பதிப்பு வரும்போதாவது, ஆதரவுக் காலம் முடியாத பழைய பதிப்புக்குத் திரும்பும் உரிமையை ஹோம் வாங்கியவர்களுக்கும் தருமாறும், அதற்கான நிறுவல் கோப்பையும் எண்ணையும் தாங்களே வழங்குமாறும், பழைய டிரைவர்களைத் தளத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று கணினி நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் பதிப்பின் ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டதால், பதினொன்று பிடிக்காதவர்கள் பலர் ஏற்கெனவே லினக்ஸ் பக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே எந்தப் பதிப்பைப் போடவும் யாரும் மனு கேட்பதில்லை.

இப்படிக்கு,
'ஏற்கிறேன்' அழுத்தியவர்களில் ஒருவன்