கமிஷன் போராளி

கான்சஸ் சிட்டியில் யாரோ வழக்குப் போட்டு ஜெயித்ததற்கு டெக்சாஸில் நான் மார்தட்டிக்கொண்டேன். அங்கே ஆரம்பித்தது வினை.

அமெரிக்காவில் வீடு விற்கிறவர் தன் ஏஜென்ட்டுக்கு மட்டுமல்ல, வாங்க வருகிறவரின் ஏஜென்ட்டுக்கும் தன் பணத்திலிருந்தே கமிஷன் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இரண்டும் சேர்ந்து ஐந்து, ஆறு சதவீதம் வரும். மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு போனில் இதை விளக்கினேன். “எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நாமளே ஃபீஸ் கட்டுறதால்ல இருக்கு!” என்றார். மிசௌரி மாநிலத்து வீட்டுக்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் கான்சஸ் சிட்டி கோர்ட்டில் சொன்னார்கள். 2023 அக்டோபரில் ஜூரி அவர்கள் பக்கம் நின்று, ஏறக்குறைய 178 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. அடுத்த மார்ச்சில், வழக்கில் எதிர்த்தரப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. ‘வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இத்தனை சதவீதம்’ என்று, விற்பனைக்கு வரும் வீடுகளை ஏஜென்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். பட்டியலில் போடுவது 2024 ஆகஸ்ட் 17 முதல் நின்றுபோனது.

இதையெல்லாம் வாரக் கடைசி விருந்துகளில் பிரியாணித் தட்டும் கையுமாக மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன். கமிஷனே ஒழிந்துவிட்டதாக நானே நம்பவும் ஆரம்பித்தேன். ஒழிந்தது பட்டியலில் அதை விளம்பரம் செய்வது மட்டும்தான். கொடுக்கவும் தடையில்லை, கேட்கவும் தடையில்லை. நான் செய்தியின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வசந்தத்தில், டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருந்த எங்கள் வீட்டை விற்க முடிவெடுத்தபோது எங்கள் ஏஜென்ட் சமையலறை மேடையில் காகிதங்களைப் பரப்பினார். திருநெல்வேலிக்காரர், ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும்.

“பையர் ஏஜென்ட்டுக்கு என்ன வச்சுக்கலாம் தம்பி?”

“ஜீரோக்கா.”

“ஜீரோன்னு அடிச்சுச் சொல்லவேண்டாம். ஆஃபர்ல கேளுங்க, பார்ப்போம்னு வச்சுக்கலாமே.”

“இது கொள்கைக்கா.”

என் மனைவி சோஃபாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. இதே வீட்டை வாங்கியபோது, “வாங்குறவங்களுக்கு ஏஜென்ட் ஃப்ரீ” என்று சொன்னதைச் சந்தோஷமாக நம்பினேன். அது போதாதென்று, விற்றவர் கொடுத்த கமிஷனிலிருந்து வீட்டு விலையில் ஒரு சதவீதத்தை எனக்குத் திருப்பித் தரும்படி அந்த ஏஜென்ட்டை நச்சரித்து வாங்கினேன். டெக்சாஸில் அது சட்டப்படி சரிதான். நம்மவர்கள் நடுவே கேட்காமல் விடுவதுதான் குற்றம். அந்தக் காசில் வாங்கிய சோஃபாவில் உட்கார்ந்துகொண்டுதான் கொள்கை பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆஃபர்கள் வந்தன. ஓர் இளம் தம்பதி 5,20,000 டாலர் தருவதாகவும், அதில் அவர்கள் ஏஜென்ட்டுக்கு இரண்டரை சதவீதம் நான் கொடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இன்னொருவர் ஏஜென்ட்டே இல்லாமல் வந்தார். 5,05,000, வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

“அந்தச் சின்னஞ்சிறுசுங்க ஏன் என்கிட்ட கேக்கணும்? அவங்க ஆளுக்கு அவங்களே குடுக்கட்டுமே” என்றேன்.

“கையில இருக்கிறது டவுன் பேமென்ட்டுக்கும் க்ளோசிங் செலவுக்குமே சரியாப் போயிரும் தம்பி. பதிமூணாயிரத்தை ரொக்கமா எங்க புரட்டுவாங்க? ஏஜென்ட் ஃபீஸ்னு தனியாப் போனா பேங்க் லோன் குடுக்காது. அதையே வீட்டு விலையில ஏத்தி, நீங்க குடுக்கிற மாதிரி வச்சா, அப்ரைசல் மட்டும் அந்த விலைக்கு வந்தாப் போதும், லோன்லயே அடங்கிரும். பணம் அவங்க பணம்தான். உங்க கை வழியாப் போகுது, அவ்வளவுதான்.”

அக்கா சொன்னது புரிந்தது. புரிந்துவிட்டது என்பதாலேயே இன்னும் கோபம் வந்தது. எக்செல்லைத் திறந்து ‘அடுத்தவன் ஏஜென்ட்டுக்கு’ என்று ஒரு பத்தி போட்டேன். ஒன்றில் 13,000, சிவப்பு. மற்றதில் 0, பச்சை. பச்சையே ஜெயித்தது.

கையெழுத்துப் போட்ட பிறகு மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். “கையில எவ்வளவு நிக்கும்னு ஒரு வரியே இல்லையே?”

இல்லைதான். 5,20,000-இல் 13,000 போனால் 5,07,000. பச்சையைவிட இரண்டாயிரம் அதிகம். பகலில் நான் ஒரு வங்கிக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பவன். அந்த வரி இல்லாமல் ரிப்போர்ட் போனால் மானேஜர் என்னைத் தோலுரித்துவிடுவார்.

ஏஜென்ட் இல்லாதவர் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் அக்காவைக் கூப்பிட்டு, இந்தப் பாராவுக்கு என்ன அர்த்தம், எந்த இன்ஸ்பெக்டர் நல்லவர் என்று கேட்க ஆரம்பித்தார். “நான் விக்கிறவங்க ஆளு. உங்களுக்கு அட்வைஸ் பண்ணக்கூடாது” என்று அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் வந்தது. கூரையில் ஆலங்கட்டி விழுந்த தடம், கராஜ் கதவில் கீறல், தளர்ந்த ஒரு குழாய், எல்லாவற்றுக்கும் கலர் போட்டோ. ‘எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் எழுதுவாங்க, பயப்படாதீங்க’ என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆளுக்குத்தான் நான் ஜீரோ வைத்திருந்தேன். டெக்சாஸில் ஆப்ஷன் பீரியட் என்று ஒன்று உண்டு. ஒரு சிறு கட்டணம் கட்டிவிட்டால் அதற்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகிக்கொண்டார்.

இளம் தம்பதிக்கு அக்கா போன் போட்டார். அதற்குள் பின் தெருவில் ஒரு வீட்டை முடித்துவிட்டிருந்தார்கள். அங்கே விற்றவர் இரண்டரை கொடுத்தாராம். அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கோடை வெயிலில் வீடு 5,10,000-க்குப் போனது, இரண்டரை சதவீதம் என் தலையில். கிரயத்தை முடித்துவைக்கும் டைட்டில் கம்பெனி நீட்டிய தாளில் அந்த 12,750 தனி வரியாக நின்றது. பேனாவைக் கையில் பிடித்தபடி, முதல் ஆஃபரோடு பார்த்தால் 9,750 டாலர் நஷ்டம் என்று மனக்கணக்கு போட்டேன். இந்த முறை கணக்கு சரியாக வந்தது.

புது வீடு பார்க்க அக்காவோடுதான் கிளம்பினோம். இப்போது வீட்டுக் கதவைத் திறந்து காட்டும் முன்பே வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஏஜென்ட்டுக்கு எவ்வளவு என்றும் அதில் எழுதவேண்டும். அக்கா மூன்று சதவீதம் என்று எழுதினார்.

“அதை விக்கிறவர்கிட்டயே கேட்டுருவோம்க்கா.”

“அவரும் கொள்கைக்காரரா இருந்தா?”

“விலையில ஏத்திக் கேப்போம். லோன்ல அடங்கிரும்ல?”

அக்கா ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்தார். அடுத்த சிக்னலில், அவருடைய மூன்று சதவீதத்தில் ஒன்று எனக்குத் திரும்ப வருமா என்று கேட்டுவைத்தேன். பேசிப் பேசி, வீடு வந்து சேர்வதற்குள் அரை சதவீதத்துக்குச் சம்மதித்தார்.