கதாநாயகன் செத்தா காசைத் திருப்பிக் கேக்கலாமா?

ராத்திரி படம் பாத்துட்டு காலையில மூஞ்சியை உர்ருனு வச்சிக்கிட்டுத் திரியிற சனத்துக்கு, ரத்தொட்டைப் பக்கத்து லயத்துக் கெழவன் ஒருத்தன் சொல்லிக்கிறது. புத்தி சொல்றதுக்குச் சல்லி கேக்க மாட்டேன். ஒரு தேத்தண்ணி குடுத்தாப் போதும். சீனியையும் டாக்டர் நிப்பாட்டிட்டாரு, அதனால உங்களுக்குச் செலவு கம்மி.

நடந்தது இதுதான். லயத்துப் பொடியனுங்க சேந்து டிவியில ‘விசாரணை’ போட்டானுங்க. வெற்றிமாறன் எடுத்தது, 2016 பெப்ரவரியில தியேட்டருக்கு வந்தது. பழைய படந்தான், இவனுங்களுக்கு இப்பத்தான் அம்புட்டிருக்கு. முடிஞ்சதும் ஒருத்தன் எந்திரிச்சு டிவிக்குப் பின்னால போய்ப் பாக்குறான், மிச்சப் படம் அங்க எங்கயாச்சும் விழுந்து கெடக்குதான்னு. பேரன் என்னையப் புடிச்சுக்கிட்டான்: “என்ன தாத்தா இது, ஹீரோவை இப்படிச் சாகடிச்சுட்டானுங்க? பழிவாங்க ஒரு நாதிகூட வரலியே!” மருமக அடுப்படியில இருந்தே தீர்ப்பு சொல்லிருச்சு: “சோறு திங்கிற நேரத்துல பாக்குற படமா இது?” கடைக்காரருக்கு கரண்டுக் காசு தண்டம்னு கவலை. கெம்பஸ்ல படிக்கிறவன் ஒருத்தன் மட்டும் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு, “இதுதான் யதார்த்தம்”னு சொன்னான். சொன்னவன் அன்னைக்கி ராத்திரி வெளிய போறதுக்குத் தம்பியைத் தொணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனதை நான் இஸ்தோப்புல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

கதை தெரியாதவங்களுக்குச் சொல்லிருறேன். ஆந்திராவுல குண்டூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போன தமிழ்ப் பொடியனுங்க, தங்க எடமில்லாம பார்க்குல படுத்துத் தூங்குறானுங்க. பெரிய எடத்துல ஒரு திருட்டு. திருடன் அம்புடலை, கேஸை மூடியாகணும். இவனுங்களைத் தூக்கிட்டுப் போயி ‘ஒத்துக்க, ஒத்துக்க’ன்னு அடி. கடைசியில கோர்ட்ல ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர், நம்ம சமுத்திரக்கனி, இவனுங்க பேச்சை நீதிபதிக்கு வெளங்க வைக்கிறாரு. விடுதலை!

இங்கதான் என்னோட மொதப் புத்திமதி. நல்ல முடிவு வேணும்ங்கிறவங்க இந்த எடத்துல டிவியை அணைச்சிருங்க. ‘சுபம்’னு வாயால சொல்லிக்கிட்டுக் கம்பளியை இழுத்துப் போத்திருங்க. அதைச் செய்யாம ‘அப்புறம் என்ன ஆச்சு’ன்னு உக்காந்திருந்தது யாரு? வெற்றிமாறனா வந்து உங்க கையைப் புடிச்சு உக்கார வச்சாரு?

அப்புறம் என்ன ஆச்சுன்னா, காப்பாத்துன ஆளுங்களோட பொலிஸ் ஸ்டேஷனுக்கே வந்து சேந்த பொடியனுங்களை, ஸ்டேஷனைக் கொஞ்சம் கழுவிக் குடுத்துட்டுப் போங்கப்பாங்கிறாங்க. எனக்கு அந்த எடத்துலயே முடிவு தெரிஞ்சு போச்சு. எப்படித் தாத்தான்னு பேரன் வாயைப் பொளந்தான். அடேய், நம்ம பாட்டனுக்குப் பாட்டன் மன்னார்க் கரையில எறங்கி, காட்டுக்குள்ள தம்புள்ளை வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தது எதுக்கு? ‘கொஞ்ச நாளைக்குக் கோப்பி பறிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போயிரலாம்’னு சொன்னதை நம்பித்தான். வழியில வாந்திபேதியில விழுந்தவங்க அங்கயே கெடந்தாங்க. வந்து சேந்தவங்க பறிச்ச கோப்பி நோவு வந்து செத்துது. தேயிலை வந்தது, ரப்பர் வந்தது, கொக்கோ வந்தது. அந்தச் சின்ன வேலை இன்னும் முடியலை. ‘இதை மட்டும் செஞ்சுட்டுப் போ’ன்னு எவன் சொன்னாலும் எனக்கு முதுகு சில்லுன்னு ஆகும்.

முடிவு பத்திப் பேச எங்களுக்குத் தகுதி உண்டுங்க. 1948ல ‘நீ இந்த நாட்டு ஆளு இல்லை’ன்னு சட்டம் வந்துச்சு. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து கணக்குப் போட்டாங்க: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம். அதாவது இடைவேளை விட்டாங்க. அக்கா ஒரு கப்பல்ல, தங்கச்சி இந்த லயத்துல. நாடில்லாம மிச்சம் நின்னவங்களுக்கும் குடியுரிமைன்னு சட்டம் வந்தது 2003ல. 55 வருஷப் படம்! நாங்களும் நடுவுல கத்தாம இல்லை, நல்லாவே கத்துனோம். டிக்கெட் காசு மட்டும் திரும்பலை. ரெண்டு மணி நேரப் படத்துக்கு இவனுங்க பண்ற ரகளையைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருமா வராதா?

கெம்பஸ் பொடியன் போனைத் தட்டி இன்னொரு சங்கதி எடுத்துவிட்டான். கோயம்புத்தூர் ஆட்டோக்காரர் மு. சந்திரகுமார் 1983ல குண்டூர்ல நெசமாவே பொலிஸ் கையில சிக்கி அடிபட்டிருக்காரு. அதைத்தான் ‘லாக்கப்’னு புத்தகமா எழுதுனாரு. படத்துல முன்பாதி அவரு பட்டது, பின்பாதி வெற்றிமாறன் சேத்தது. 2015ல வெனிஸ் படவிழாவுல இந்தப் படத்தைப் போட்டப்ப அவரும் அங்க இருந்தாரு. இதைக் கேட்டதும் பேரனுக்குக் கோவம் இன்னும் ஏறிப்போச்சு: “நெசத்துல உசுரோட வந்துட்டாரு, படத்துல மட்டும் எதுக்குக் கொல்லணும்?”

நான் சொன்னேன், வெளிய வந்தவன் தன் கதையைத் தானே எழுதிட்டான், வராதவன் கதையை யாருடா எழுதுறதுன்னு. அவனுக்குப் பதில் வரலை. கெழவன்னா நடுநடுவுல இப்படி ஒண்ணு எடுத்து விடணும், இல்லாட்டி தேத்தண்ணி நின்னு போகும்.

வராதவங்கன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2012 நவம்பர்ல மாத்தளை ஆஸ்பத்திரி வளவுல கட்டட வேலைக்கு மண்ணைத் தோண்டுனப்ப எலும்புக்கூடு வந்துச்சு. தோண்டத் தோண்ட 150க்கும் மேல. 1980கள் கடைசியில நடந்த கலவர காலத்து ஆளுங்களா இருக்கும்னு தொல்லியல் ஆய்வு சொல்லிச்சு. இல்லை, அதுக்கும் ரொம்ப முந்தினதுன்னு அமெரிக்கப் பரிசோதனைச்சாலை முடிவு வந்துச்சு. ஆணைக்குழு உக்காந்துச்சு, எந்திரிச்சுச்சு. புள்ளையைத் தேடி வந்து நின்ன சிங்களத் தாய்மாருக்கு இன்னைக்கு வரைக்கும் பேரு ஒண்ணும் கெடைக்கலை. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு ‘கொலைகாரன் கடைசியில மாட்டியே ஆகணும்’னு சினிமாக்காரன்கிட்ட அடம்புடிக்கிறோமே, நாம லேசுப்பட்ட ஆளுங்களா?

சரி, பேச்சு கனத்துப் போச்சு. சினிமாவுக்கே வருவோம். நம்ம சனம் முடிவுக்குக் கோவிச்சுக்கிறது இன்னைக்கி நேத்து வழக்கம் இல்லை. எங்க அப்பன் காலத்துல, 1954ல, ஏவிஎம் ‘அந்த நாள்’னு ஒரு படம் எடுத்துச்சு. எஸ். பாலச்சந்தர் டைரக்‌ஷன். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. படம் தொடங்கும்போதே சிவாஜி சுடுபட்டுச் செத்துருவாரு. சிவாஜிக்காகக் காசு குடுத்தவன் வேட்டியைச் சரிபண்ணி உக்காருறதுக்குள்ள சிவாஜி க்ளோஸ்! அப்புறம் ஆளாளுக்குச் சொல்ற கதையிலதான் அவரு நடமாடுவாரு. கடைசியில பாத்தா அவரு சப்பானுக்கு ரகசியம் வித்த துரோகி. சுட்ட துப்பாக்கி சொந்தப் பொஞ்சாதி கையில. (70 வருஷம் ஆச்சு, இனி சொன்னாக் குத்தமில்லை.) தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் கெடைச்சுது, பேப்பர்க்காரன் புகழ்ந்தான், கல்லாப்பெட்டி மட்டும் நெறையலை. இன்னைக்கி அதே படத்தைத் தமிழ் சினிமாவோட பெருமைங்கிறாங்க. நம்ம சனத்துக்குக் கோவம் ஆற ஒரு தலைமுறை எடுக்கும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரனும் நம்மளை மாதிரித்தானாம். 2007ல கோயன் அண்ணந்தம்பி ரெண்டு பேரு ‘நோ கன்ட்ரி ஃபோர் ஓல்ட் மென்’னு ஒரு படம் எடுத்திருக்காங்க. பணப்பெட்டியைத் தூக்கிட்டு ஓடுறவனைத்தான் படம் பூரா நாம பின்தொடருறோம். அவன் சாகுறதையே காட்டலை, பொணத்தைத்தான் காட்டுறான். கொலைகாரன் ஒடைஞ்ச கையோட நடந்து போயிருறான். அப்புறம் வயசான ஷெரீஃப் ஒருத்தர் சாப்பாட்டு மேசையில உக்காந்து பொஞ்சாதிகிட்ட ரெண்டு கனாவைச் சொல்றாரு. படம் முடிஞ்சிருச்சு! தியேட்டர்ல இருந்த பாதிப் பேரு ‘அவ்வளவுதானா?’ன்னு முழிச்சாங்களாம். அதுக்குத்தான் நாலு ஆஸ்கார் குடுத்தாங்க. எனக்கு அந்த முடிவு ரொம்பப் புடிச்சுப் போச்சு. கெழவன் பேசும்போது ஒரு பொஞ்சாதி எந்திரிச்சுப் போகாமக் கேட்டுக்கிட்டு இருக்கிறதே பெரிய சங்கதிதான. எங்க வீட்டுல அது நடக்காது.

மாத்தளை மிளகை வாயில போட்டுட்டு உறைக்குதேன்னு தோட்டக்காரன்கிட்ட சண்டைக்குப் போனவன் மாதிரி இருக்கு உங்க ஞாயம். கொலைப்படம்னு தெரிஞ்சுதானே போட்டீங்க?

இதையெல்லாம் சொல்லியும் பேரன் மசியலை. “எல்லாஞ் சரி தாத்தா, போயும் போயும் இருட்டுல, சேத்துத் தண்ணிக்குள்ளயா ஆளை முடிக்கிறது? ஒரு மலை உச்சி, ஒரு சண்டை, அப்படி வேண்டாமா?”ன்னான். எனக்கு வெத்தலை தொண்டையில சிக்கிருச்சு. மலை உச்சியில தொடங்கிச் சேத்துல முடிஞ்ச கதை நம்ம மாவட்டத்துலயே இருக்கேடா! சிகிரியாவுக்கு ஸ்கூல் ட்ரிப் போனப்ப என்னத்தைப் பாத்துட்டு வந்த? ஐஸ்பழம் வித்தவனையா?

கேட்டுக்க. தாதுசேன ராசாவோட தளபதி மிகார. பொஞ்சாதியை, அதாவது ராசா மகளை, அடிச்சுட்டான். ராசா பதிலுக்குத் தளபதியோட ஆத்தாளை எரிச்சுட்டாரு. தளபதி போயி ராசாவோட மூத்தவன் காசியப்பன் காதுல ஓதுறான், தம்பி முகலனுக்குத்தான் அப்பன் சொத்தை ஒளிச்சு வச்சிருக்காருன்னு. சொத்து எங்கன்னு கேட்டா, ராசா கலாவெவக் குளத்துல எறங்கி ரெண்டு கையில தண்ணியை அள்ளிக் காட்டி, என் சொத்து இதுதாண்டான்னுட்டாரு. அவரை உசுரோட செவத்துக்குள்ள வச்சுக் கட்டிட்டாங்க. தம்பி இந்தியாவுக்கு ஓடிட்டான். அவன் திரும்பி வருவாங்கிற பயத்துலதான் அண்ணன் சிகிரியாப் பாறைமேல ஏறிக் கோட்டை கட்டிக்கிட்டது. 18 வருஷம் கழிச்சு, 495ஆம் வருஷம் வாக்குல, தம்பி படையோட வந்தான்.

இப்ப நீங்க நிமிந்து உக்காருவீங்க, க்ளைமாக்ஸ் சண்டைன்னு. சண்டையே சரியா நடக்கலைங்க. காசியப்பன் ஏறிவந்த யானை முன்னால சேத்து நெலத்தைப் பாத்துச்சு. வேற வழியாப் போகலாம்னு கொஞ்சம் திரும்புச்சு. பின்னால நின்ன படை, ராசா ஓடுறாரு போலன்னு நெனைச்சுக் கலைஞ்சு ஓடிருச்சு. காசியப்பன் தனியா நின்னான். கத்தியை உருவித் தன் கழுத்தைத் தானே அறுத்து, கத்தியை மறுபடி ஒறையில போட்டான்னு பழைய வரலாற்று நூல் சூளவம்சம் சொல்லுது. அப்பனைக் கொன்னவனைக் கடைசியில வீழ்த்துனது யாரு? தம்பியா, தருமமா? ஒரு யானைக்குச் சேத்துல கால் வைக்க மனசில்லை, அவ்வளவுதான். இந்த முடிவை எந்தத் தயாரிப்பாளர்கிட்டயாச்சும் சொல்லிப் பாருங்க, வாசலைக் காட்டுவாரு. ஆனா வெளிநாட்டுக்காரன் டொலர் குடுத்து ஏறிப் பாக்குறான்.

இன்னொரு விசேசம் கேளுங்க. படம் பாத்துட்டு வாய் சும்மா இருக்க மாட்டேங்குதே, அந்த வியாதியும் அங்கதான் எழுதிக் கெடக்கு. பாறைக்கு நடுவுல கண்ணாடிச் செவரு. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால ஏறிப் பாத்த சனம், அந்தப் பாறையில வரைஞ்சிருக்கிற ஓவியத்துப் பொம்பளைங்களைப் பத்தி அதுல கீறி வச்சிருக்கு. அதுல 685 பாட்டைப் படிச்சு தொல்லியல் அறிஞர் பரணவிதான 1956ல புத்தகமாப் போட்டாரு. அழகுல சொக்கிப் போனவன் இருக்கான். இவ்வளவு தூரம் ஏறி வந்தும் இவளுக ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாளுகளேன்னு கொறை எழுதினவன் இருக்கான். ராசா செத்த துக்கத்துலதான் இவளுக இப்படி நிக்கிறாளுகன்னு கண்ணீர் விட்டவனும் இருக்கான். சும்மா வந்தேன், பாத்தேன்னு பேரு மட்டும் எழுதிட்டு எறங்குனவனும் உண்டு. பேரன், மருமக, கடைக்காரரு, கெம்பஸ்காரன் எல்லாரும் அந்தச் செவத்துல இருக்காங்க.

ஒரே ஒரு வித்தியாசம். அன்னைக்கி எழுதினது பொக்கிஷம். 2015ல ஒரு இளவயசுப் பொண்ணு அதே செவத்துல கொண்டையூசியால பேரைக் கீறிருச்சு. தம்புள்ளை கோர்ட்ல ரெண்டு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு. அப்புறம் ஜனாதிபதி மன்னிப்புக் குடுத்துத்தான் அந்தப் புள்ளை வீடு போய்ச் சேந்துச்சு.

அதனால ‘விசாரணை’ முடிவு புடிக்காதவங்க என் இஸ்தோப்புக்கு வாங்க, விடிய விடியத் திட்டுங்க, நானும் கூடச் சேந்து திட்டுறேன். சிகிரியாவுக்குப் போனா மட்டும் கையைக் கட்டிக்கிட்டு, வாயால சொல்லிட்டு எறங்கிருங்க.