கடுகு என்றொரு காவல் நாய்

மலேசியக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. கணக்கெடுத்தவர்கள் காட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் லயங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். பகாவிலிருந்து போர்ட்டிக்சன் வரை எந்தத் தோட்டத்தில் நுழைந்து ‘டைகர்’ என்று ஒரு குரல் கொடுத்தாலும் நாலு வாசலிலிருந்து தலை நீளும். நீளாத வாசலில் ஜிம்மி படுத்திருக்கும், அல்லது பிளாக்கி. ஜிம்மி, டாமி எல்லாம் துரை பங்களா மேட்டிலிருந்து லயத்துக்கு இறங்கி வந்த பெயர்களாகத்தான் இருக்க வேண்டும். துரைமார் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள்; அவர்கள் நாய்களின் பெயர்கள் மட்டும் இன்னும் தவறாமல் பெரட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

சின்ன நாய்க்கு எந்தப் பெயர் வைத்தாலும் குடி முழுகிப்போகாது. என் வழக்கு பெரிய நாயைப் பற்றியது. லாபு, நீலாய், செண்டாயான் பக்கமெல்லாம் பால்மரம் நின்ற மண்ணில் தாமான் வீடுகள் எழும்பிவிட்டன. தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் இரும்புக் கேட்டுக்குப் பின்னால் ரோட்வைலர் வளர்க்கின்றன. இன்னும் தோட்டமாகவே இருக்கும் இடங்களில் உர ஸ்டோரும் செம்பனைக் குலையும் காவல் கேட்கின்றன. ஒரு குலை பத்துக் கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை எடை நிற்கும். லோரியோடு வருகிறவனுக்கு ஒரு ராத்திரி போதும். இப்படிப்பட்ட வேலைக்கு வரும் ஐம்பது கிலோ நாய்க்கு டைகர், ராக்கி, கில்லர் என்று பயங்காட்டும் பெயர் வைப்பது வீண். கேட்டவுடன் சிரிப்பு வருகிற பெயர்தான் அதற்கு வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் எளிது. காவல் நாயின் பெயர் யார் காதில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். திருடன் வருவது வீடே தூங்கும்போது, அல்லது குடும்பத்தோடு சிரம்பானுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கும்போது. அந்த நேரத்தில் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. திருடனும் நாயும் சந்திக்கும் இடத்தில் அறிமுகம் செய்துவைக்க யாரும் நிற்பதில்லை. அவன் கேட்பது உறுமலை, பார்ப்பது பல்லை. கேட்டில் தொங்கும் ‘அவாஸ் அஞ்சிங்’ பலகைகூட உள்ளே நாய் இருக்கிறது என்று சொல்கிறதே தவிர அதன் நாமகரணத்தைச் சொல்வதில்லை. பகலெல்லாம் அந்தப் பெயரைக் கேட்பவர்கள் வேறு ஆட்கள்: மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், காஸ் கொண்டுவருகிறவர், பார்சல் தம்பி, பந்தை உள்ளே போட்டுவிட்டு விழிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். இவர்களில் ஒருவர்கூடத் திருட வந்தவர் இல்லை. பயங்காட்டும் பெயர் வைத்தவர், பயப்பட வேண்டியவனை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார்.

சற்றுக் கிட்ட நின்று பார்த்தால் இன்னும் விளங்கும். பார்சல் தம்பி மோட்டாரை அணைக்காமல் கேட்டுக்கு நாலடி தள்ளி நிற்கிறார். உள்ளே ரோட்வைலர் முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி எழுந்து நிற்கிறது. வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்குகிறது. வீட்டுக்கார அக்கா கைலியில் கையைத் துடைத்தபடி வந்து, “ஒண்ணும் பண்ணாது தம்பி, பயப்படாதீங்க” என்கிறார். அடுத்த மூச்சில், “ஏய் கில்லர், உள்ள போ!” என்கிறார். முதலில் சொன்னதற்கு இருந்த கொஞ்ச நஞ்ச மதிப்பும் அங்கேயே செத்தது. அதே அக்கா, “ஏய் கடுகு, உள்ள போடா!” என்றால்? பல் அதே பல்தான், எச்சிலும் அதே எச்சில்தான். ஆனால் தம்பிக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடும். சிரித்தவன் ஓடமாட்டான். ஓடுகிறவனைத்தான் நாய் துரத்தும் என்பது லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே படித்துவிடுகிற பாடம்.

உலகம் இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 2024-இல் உலகின் மிக உயரமான ஆண் நாய் என்று கின்னஸ் அறிவித்த அமெரிக்க கிரேட் டேனின் உயரம் 97 சென்டிமீட்டர், பெயர் கெவின். ‘ஹோம் அலோன்’ படத்தில் தனியாக நின்று வீட்டைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றும் பொடியனின் பெயர் அது. (அந்த நாய்க்கு வீடு கூட்டும் மெஷினைக் கண்டால் பயமாக இருந்ததாம். அது வேறு விஷயம்.) ‘நாய்கள் ஜாக்கிரதை’ படத்தில் ராணுவப் பயிற்சி பெற்ற பெல்ஜியன் ஷெப்பர்டு சுப்ரமணி என்ற பெயரோடுதான் வில்லன்களை விரட்டியது. மலேசியக் கால்நடைச் சேவைத் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இனத்தைப் பார்த்துத்தான் அரசாங்கம் பயப்படுகிறது. பெயரைப் பார்த்து அல்ல. ஹாரி பாட்டர் கதையில் மூன்று தலையோடு காவல் நிற்கும் ராட்சத நாய்க்கு ஃப்ளஃபி என்று பெயர். அது கடைசியில் தூங்கிப்போய்க் கோட்டைவிட்டதே என்று கேட்பீர்கள். அது தூங்கியது சங்கீதம் கேட்டு. பெயர் மேல் பழி போடக் கூடாது.

படித்த எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அசீரியாவை இழுத்துக்கொண்டு வருவார். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் நினிவே அரண்மனையில் புதைத்து வைத்த ஐந்து களிமண் நாய்கள் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறது. அதில் ஒன்று, ‘யோசிக்காதே, கடி!’ என்ற பொருளில். காவலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா என்று அவர் மார்தட்டலாம். ஆனால் அவை மண் நாய்கள். அவற்றை யாரும் குளிப்பாட்டக் கூப்பிட வேண்டியதில்லை, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை, மாமியார் வந்த அன்று கட்டிப்போட வேண்டியதில்லை. பேயை விரட்டப் பூமிக்குள் கிடக்கும் நாய்க்கு எவ்வளவு நீளமான, எவ்வளவு கொடூரமான பெயரும் வைக்கலாம். நம்முடையது மூன்று வேளை சோறு தின்னும் நாய்.

இன்னொருவர் கெட்டிக்காரர். “திருடன் பகலில் நோட்டம் பார்க்க வருவானே, ‘கடுகு’ என்று கூப்பிடுவதைக் கேட்டு இளக்காரமாக நினைக்கமாட்டானா?” என்பார். தாராளமாக நினைக்கட்டும். நோட்டம் பார்க்க வந்தவனுக்குக் காது மட்டுமா இருக்கிறது? கண்ணால் பார்த்தபிறகும் இளக்காரம் தோன்றுமானால், அவனுக்கு நாய் சொல்லிக்கொடுக்கட்டும். உண்மையான ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. நாய் தன் பெயரை நன்றாகவே அறியும்; கூச்சல் நடுவிலும் தன் பெயரைப் பிரித்துக் கேட்டுத் திரும்பும் என்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2019-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இருட்டில் மதிலேறும் ஒருவன் தணிந்த குரலில், “டைகர்... ஜிம்மி... பிளாக்கி... ராஜா...” என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் நெகிரி செம்பிலானில் பாதி நாய்களுக்காவது வால் ஆடிவிடும். பேங்க் கார்டுக்கு 1234 என்று ரகசிய எண் வைப்பது மாதிரிதான் நாய்க்கு டைகர் என்று பெயர் வைப்பதும். மதில்மேல் உட்கார்ந்திருப்பவன் பலசரக்குச் சாமான் பட்டியலை ஒப்பித்துப் பார்க்கும் அளவுக்குப் பொறுமைசாலியாக இருக்கமாட்டான்.

நாயின் மானம் போகுமே என்று கேட்கிறவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். தமிழனா இதைக் கேட்பது? தங்காத பிள்ளை தங்க வேண்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தவர்கள் நாம். பெயரைத் தாழ்த்தினால் எமன் ஏமாந்து அடுத்த வீட்டுக்குப் போவான் என்று நம்பியவர்கள். காவல் தெய்வத்தைக்கூட நொண்டிக் கருப்பு என்றுதான் கூப்பிட்டோம். அப்படிக் கூப்பிட்டதனால் யாரும் அவர் எல்லையில் கை வைத்துவிடவில்லை. தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டுப் பற்றவைத்துப் படைத்துவிட்டு, அவர் முன்னால் நடுங்கியும் நிற்கிறோம். நெருக்கமும் பயமும் ஒரே இடத்தில் குடியிருக்கலாம் என்று தெரிந்த ஜனம் நாய் விஷயத்தில் மட்டும் விறைத்துக்கொள்வது நியாயமில்லை.

ஆனாலும் சிரிப்புக்கு ஓர் எல்லை வேண்டும். மனிதர்கள் பெயர் கூடவே கூடாது. மேனேஜர் பெயரோ கிராணி பெயரோ எவ்வளவு ஆசை காட்டினாலும் விலகி நில்லுங்கள். பண்டத்தின் பெயர் வைப்பதாக இருந்தால் நம் வீட்டுப் பண்டமாகவே இருக்கட்டும். இந்த நாட்டில் 2016-இல் ஒரு தின்பண்டத்தின் பெயரில் ‘டாக்’ என்ற சொல் இருந்ததற்கே, ஹலால் சான்றிதழ் வேண்டுமானால் மாற்றுங்கள் என்று ஜாக்கிம் சொன்னது. அங்கே பண்டத்துக்கு நாயின் பெயர். இங்கே நாய்க்குப் பண்டத்தின் பெயர். நெகிரி செம்பிலான்காரர்கள் உயிராக நினைக்கும் சிலி ஆப்பி ஒரு காரமான காவல் நாய்க்கு எவ்வளவுதான் பொருந்தினாலும், பக்கத்து வீட்டு மக்சிக்காக அதை விட்டுக்கொடுக்கலாம்.

பிறகு ஓசை. வேட்டை நாய்களுக்கு ஏறக்குறைய ஐம்பது பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்த கிரேக்கர் ஸெனஃபன், கூப்பிடச் சுலபமாகச் சின்னப் பெயராக வையுங்கள் என்றார். இதனால் கொழுக்கட்டை அடிபட்டுப் போகிறது. வடையும் சரிவராது, “வாடா” என்று யாரை அழைத்தாலும் நாய் எழுந்து வரும். போண்டா இன்னும் மோசம். கோபத்தில் “போடா” என்று விரட்ட விரட்ட, ஐம்பது கிலோ அன்பு மடியில் வந்து ஏறும். கடுகு இந்த இரண்டு கண்டத்திலிருந்தும் தப்பிக்கிறது. அந்தப் புனைபெயரில் எழுதிய நகைச்சுவை எழுத்தாளரின் வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. தாளிக்கும் நேரத்தில், “அந்தக் கடுகை எடு” என்று யாராவது குரல் கொடுத்தால் அடுப்படி நிலைவாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு அது வந்து நிற்கும். அதற்கு அடுப்படிக் கதவைச் சாத்தினால் போதும். பெயரை மாற்ற வேண்டியதில்லை.