நூலில்லாப் பாயிரம்: ஜெர்மனியில் கருத்தரங்குக்கு விண்ணப்பித்தல் குறித்து ஓர் ஆய்வு

நூலை எழுதி முடித்துவிட்டுப் பாயிரம் பாடுவது தமிழ் மரபு. பாயிரத்தை முதலில் பாடி அனுப்பிவிட்டு, அது தேறினால் நூலை எழுதுவது கருத்தரங்க மரபு. இவ்விரு மரபுகளுக்கும் உள்ள உறவை அறிஞர் உலகம் இன்னும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு உருப்படியான வேலை இருந்திருக்கும்.

முதலில் ஆய்வுக்களம். சரித்திர ஆசிரியர்கள் கூடிப் பேசுவது ஜெர்மனியில் பழைய வழக்கம். 1889-இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், சமூக ஜனநாயகக் கருத்துகளைப் பள்ளிக்கூடங்கள் எதிர்த்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டார். சரித்திர வாத்தியார் ஒரே நாளில் சிப்பாய் ஆனார். அந்தக் கலக்கத்தில் 1893-இல் மியூனிக்கில் கூடியதுதான் முதல் ‘ஹிஸ்டோரிக்கர்டாக்’, அதாவது வரலாற்றாளர் மாநாடு. பொதுவாழ்வுக்கு ஆள் தயாரிப்பது வரலாற்றுப் பாடத்தின் வேலையா என்று அங்கே விவாதித்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் 1913-இல் மார்புர்க்கில் தனிச் சங்கமே கண்டார்கள். மாநாடு இன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கேள்விக்கு இன்னும் விடை கிடைக்காததே காரணம் என்பது என் துணிபு.

நான் விண்ணப்பித்தது அவ்வளவு பெரிய மாநாட்டுக்கு அல்ல. வரலாறு கற்பித்தல் பற்றிய நடுத்தரக் கருத்தரங்கு. ஊரும் பேரும் வேண்டாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை, “தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டினது டென்மார்க்காரன். அங்க ஜெர்மன்காரனுக்கு என்ன வேலை, சார்?” என்று கேட்டதில் தொடங்கியது எல்லாம். இரு நாட்டுப் பாடநூல்களிலும் தரங்கம்பாடி எப்படி வருகிறது என்று பேசலாமே என்று தோன்றியது. விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன். திறந்ததும் திகைத்தேன். அது நன்னூல்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை விதித்தார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். படிவத்தில் இருந்த கட்டங்களும் அவையே. வழி என்பது இதற்கு முன் யார் என்ன எழுதினார்கள் என்ற கட்டம். யாப்பு என்பது ஆய்வு முறை. கேட்போர் என்ற இடத்தில் ‘இலக்குப் பார்வையாளர்’ என்று போட்டிருந்தார்கள். காலம், களன், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்கிறது நன்னூல். படிவத்தின் இரண்டாம் பக்கம் அந்த மூன்றுக்குத்தான். ஜெர்மானியர் இதை எப்போது எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கும் ஒரு விண்ணப்பம் போடலாம்.

ஓரிடத்தில் மட்டும் இரு மரபும் பிரிகின்றன. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே பாடக்கூடாது. அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர் பாட வேண்டும். தற்புகழ்ச்சி தகாது என்பதே காரணம். படிவமோ நம்மையே பாடச் சொல்கிறது. ‘இக்கட்டுரை முதன்முறையாக’ என்று தொடங்கும்போது கை கூசியது. ஆனால் பவணந்தியார் கருணையுள்ளவர். நான்கு இடங்களில் தன்னைத் தானே புகழலாம் என்று விலக்களிக்கிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கையில், தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாது வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்தபோது. முதலிரண்டும் விண்ணப்பிக்கும்போதே பொருந்துகின்றன. மூன்றாவது மேடையில் உதவும். நான்காவது, நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு, வீட்டாரிடம்.

ஆக்கியோன் பெயரில் ஒரு சிக்கல். ஜெர்மனியில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் அப்பாவும். ஆகவே இந்நாட்டு அலுவலகங்கள் அனைத்திலும் நான் ‘ஹெர் வைத்தியலிங்கம்’. அசல் வைத்தியலிங்கம் மயிலாடுதுறையில் ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இருமுறை தவறியவர், இருமுறையும் சரித்திரத்தில்.

இனிப் பொருத்தம் பார்த்தல். கருத்தரங்கு எதுவானாலும் ஒரு மையப்பொருள் இருக்கும்; கட்டுரை அதனோடு பொருந்த வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம், இதற்கு ஒன்றுதான், ஆனால் ரஜ்ஜுவைவிடக் கண்டிப்பு. சோதனைக்காக ஹிஸ்டோரிக்கர்டாக்கின் அண்மைக்கால மையப்பொருள்களோடு தரங்கம்பாடியின் ஜாதகத்தை வைத்துப் பார்த்தேன். 2016, ஹாம்பர்க், ‘நம்பிக்கை பற்றிய கேள்விகள்’. அவ்வாண்டின் பங்காளி நாடே இந்தியா. ஊரில் பாதிரிமார் இருந்தார்கள், பொருந்துகிறது. 2018, மியூன்ஸ்டர், ‘பிளவுண்ட சமூகங்கள்’. தேவாலயத்துக்குள்ளும் சாதி பார்த்து உட்கார்ந்த கதை உண்டு. 2021, மியூனிக், ‘விளக்கப் போர்கள்’. தமிழ் முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில் என்று மேடையில் ஒருவர் சொல்லட்டும். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தோடு இன்னொருவர் எழுந்து நிற்பார். 2023, லைப்சிக், ‘உடையும் உண்மைகள்’. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. இதைவிட உடைந்த உண்மை ஏது? 2025, பான், ‘அதிகாரத்தின் இயக்கங்கள்’. டேனிஷ் தளபதி 1708-இல் ஜெர்மன் பாதிரியார் ஒருவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். ஆக, எந்த ஊரும் எந்த மையப்பொருளுக்கும் பொருந்தும். இது இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு.

சொல் வரம்பு 300. ஜெர்மன் மொழியில் ‘கெஷிஷ்ட்ஸ்பெவுஸ்ட்ஸைன்’ ஒரே சொல். 1970-களிலிருந்து வரலாறு கற்பித்தல் துறையைத் தூக்கி நிறுத்தும் சொல். தமிழிலும் புணர்த்தி ‘வரலாற்றுணர்வு’ என்று ஒன்றாக்கிவிடலாம். நான் ஆங்கிலத்தில் எழுதி இரண்டு சொல் செலவழித்தேன். தலைப்பில் முக்காற்புள்ளி கட்டாயம்: இடப்பக்கம் யாருக்கும் புரியாதது, வலப்பக்கம் அதற்கு மன்னிப்பு.

இந்த விண்ணப்பத் துறையின் முன்னோடி யார்? சீகன்பால்கு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய இந்த ஜெர்மானியர், தமிழரிடம் கேட்டும் ஓலைகளைப் படித்தும் ‘மலபார் தெய்வங்களின் வம்சாவளி’ என்ற நூலை 1713-இல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே பொறுப்பிலிருந்த பிராங்கே அச்சிட மறுத்தார். அந்த மதத்தை வேரறுக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்து. ‘மையப்பொருளோடு பொருந்தவில்லை’ என்று இக்காலத்தில் எழுதுவார்கள். சீகன்பால்கு 1719-இல் இறந்துபோனார். நூல் 1867-இல் அச்சாயிற்று, அதுவும் சென்னையில். இடையில் 154 ஆண்டுகள். பாவம், அவர் நூலையே எழுதி அனுப்பியிருந்தார். பாயிரத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எனக்கு நான்கே மாதத்தில் பதில் வந்தது. மதிப்பீட்டாளர்கள் இருவர். பெயரை மறைத்துத்தான் படித்தார்களாம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாமவர் கண்டது குன்றக் கூறல், இரண்டாமவர் கண்டது மிகைபடக் கூறல். அதே 300 சொற்களில். கடிதம் ‘மதிப்புக்குரிய ஹெர் வைத்தியலிங்கம்’ என்று தொடங்கி, வருத்தத்துடன் முடிந்தது.

என் தகப்பனார் சரித்திரத்தில் தவறுவது இது மூன்றாவது முறை.