காட்டுக்குப் போற கண்ணுகளா, கொஞ்சம் நில்லுங்க

ஏங் கண்ணு, பங்குனி நோம்பி முடிஞ்ச கையோட முதுமலைக்குக் கிளம்பறீங்களாமா? நல்லது. பாவு தீர்ந்து தறி நிக்கிற நாளாப் பார்த்துப் போறீங்க, அதுவும் நல்லது. வேனுக்குள்ள ஏத்தி வெச்சிருக்கீங்களே ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அது எதுக்கு? யானைக்குப் பாட்டுப் போடவா? பாவம், அதுக்குக் காது வேற பெருசு.

நம்ம இளம்பிள்ளை ஊர்க்காரங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. விசைத்தறிச் சத்தத்துக்குள்ள பொறந்து, அதுக்கு மேல கத்திப் பேசியே தொண்டை பெருத்துப் போச்சு. கஞ்சமலைச் சித்தர் கோயில்ல கண்ணை மூடிக் கும்பிடும்போதும் சேலை வெலை பேசுறவங்க நாம. முதுமலை அப்படி எடம் இல்ல சாமி. 1940-லயே சரணாலயம்னு ஆக்கி, 2007-ல புலிகள் காப்பகம்னு அறிவிச்ச காடு. 688 சதுர கிலோமீட்டர் சொச்சம். வனத்துறை வண்டியில ஏத்தி அதுல ஒரு மூலையைச் சுத்திக் காட்டுவாங்க. அதுக்குள்ள புலி எதுக்க வந்து வணக்கம் சொல்லோணும்னு நினைக்காதீங்க. குடுத்த காசுக்குப் புலி வேணும்னா வண்டலூருக்குப் போங்க. அங்க அது படுத்தே கிடக்கும், செல்பி எடுக்க வசதி.

போய் இறங்கின உடனே, "என்னடா, பச்சையே இல்ல, ஏமாத்திட்டாங்க"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். எல்லா வேன்லயும் அவன் ஒருத்தன் இருக்கான். மாசி பங்குனில அந்தக் காடு இலையைக் கொட்டித்தான் நிக்கும். கொட்டினாத்தான் கண்ணு தூரம் போகும். குட்டையெல்லாம் வத்திப் போறதால யானையும் காட்டி மாடும் மாயாத்துத் தண்ணியைத் தேடி வரும். இலை ஒண்ணுகூட இல்லாத கிளையில புரசு பூத்திருக்கும் பாருங்க, செக்கச் செவேல்னு. அதை விட்டுட்டு, புதராப் பச்சையா மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடி முன்னால நின்னு போட்டோ எடுத்து "இயற்கை"ன்னு ஸ்டேட்டஸ் போடுவீங்க. அது வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டாந்த செடி. புல்லு முளைக்க வேண்டிய எடத்தைப் புடிச்சுக்கிட்டு, மான் திங்கறதுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிருச்சு.

நிறத்துல பொழைக்கிற ஊரு நம்மூரு, அதனால ஒரு சங்கதி சொல்றேன். புலி நமக்குத்தான் ஆரஞ்சு. மான் கண்ணுக்குச் சிவப்பு பிரிஞ்சு தெரியாது. புலி அதுக்குப் பச்சைப் புல்லோட கலந்து நிக்கும். அதனால ரோசாக் கலர்ச் சட்டை போட்டா மான் ஓடிருமோன்னு கவலைப்படாதீங்க. உங்க சட்டைக்கு ஓடாது, வாய்க்குத்தான் ஓடும்.

வாயை மூடினா என்ன கிடைக்கும்னு கேட்கறீங்களா? மந்தி மரத்து மேல உட்கார்ந்து தளிரைக் கிள்ளிப் பாதியைக் கீழ போடும். புள்ளிமான் அடியில நின்னு அதைப் பொறுக்கித் திங்கும். மந்திக்குக் கண்ணு கூர்மை, மானுக்கு மூக்கு. ரெண்டுல எது முதல்ல ஆபத்தைக் கண்டுக்கிட்டாலும் கூப்பாடு போட்டுரும். மந்தி அடித்தொண்டையில குரைக்கும், மான் கீச்சுனு ஒரு குரல் விடும். அதுக்கப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் தலையைத் திருப்பும். அந்தப் பக்கம்தான் புலியோ சிறுத்தையோ. திண்ணைல உட்கார்ந்தபடியே உள்ள தறியில நூல் அறுந்ததை ஓசையில கண்டுபிடிக்கிறீங்களே, அதே காதைத்தான் காட்டுக்கும் கொண்டு போகோணும். புலி தெரியலைன்னாலும், இருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வருவீங்க. பாதிப் பேருக்கு அதுவே போதும், வயித்தைக் கலக்கிரும்.

அங்க இருக்கிற தெப்பக்காட்டு முகாம்ல யானைக்குச் சோறு குடுக்கிறதைப் பாருங்க. ராகிக் களி, கொள்ளு, வெல்லம் எல்லாம் அளவு பார்த்து உருட்டி வாயில வெப்பாங்க. யானைக்குக்கூடச் சாப்பாட்டுல ஒரு கணக்கு இருக்குது, நம்ம வேன்லதான் மகுடஞ்சாவடி தாண்டறதுக்குள்ள முறுக்கு டப்பா காலி. யானையைப் பார்த்துக்கற பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டி ரகுவை வளர்த்ததைக் காட்டி, 2023-ல ஆஸ்கார் வாங்கின படம் அங்க எடுத்ததுதான். அதுக்காக அவங்க வீட்டைத் தேடிப் போய் நிக்காதீங்க. நம்ம வாசல்ல வேன் நிறைய ஆளு வந்து நின்னா நாலு சேலை விக்கலாம். அவங்க என்னத்தை விக்கறது?

பீடி குடிக்கிற பெரிய மனுசங்க யாராச்சும் வந்தா வத்திப்பெட்டியை வாங்கி வெச்சுக்கங்க. சருகு முழங்காலுக்குக் கிடக்கிற மாசம். காட்டுத் தீ பெரும்பாலும் மனுசன் கையால வந்ததுதான்.

முதுமலை இருக்கிற நீலகிரிக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், போன்லயே எடுத்துருங்க. தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்கா இருந்தா வழியிலயே புடுங்கிக்குவாங்க, சொம்பு எடுத்துக்கங்க, கௌரவம் ஒண்ணும் கொறையாது. கிளம்பறதுக்கு முந்தி, சவாரி இருக்குதான்னு வனத்துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க. தீ பயம் இருக்கிற நாள்ல மூடிருவாங்க. மூடிட்டா, "நாங்க இளம்பிள்ளைல இருந்து வரோம்"னு எவ்வளவு சத்தமாச் சொன்னாலும் விடமாட்டாங்க.