சின்னப் படகுக்கு எத்தனை குதிரை?

கேள்வி: பாய்மரப் படகிலிருந்து கரைக்கு வந்துபோகும் துடுப்புப் படகுக்கு மோட்டார் வேண்டும். கோவளம் மீனவர்கள் மாட்டுவதுபோல் பெரிதாகவே வாங்கிவிடலாமா?
– வாசகர், படூர்

பதில்: வேண்டாம். அந்த மோட்டார் அலையைக் கிழித்து, வலையும் மீனும் சுமந்து திரும்ப வேண்டியது. இரண்டு மூன்று பேர் ஏறும் எட்டடிப் படகுக்கு இரண்டரைக் குதிரைத்திறன் தாராளம். அதற்கு மேல் போனால் வேகம் கூடாது. பின்பக்கம் தாழ்ந்து படகின் மூக்குதான் வானம் பார்க்கும்!

முதலில் எடையைப் பாருங்கள். ஆடும் படகில் நின்று கையால் தூக்கி மாட்ட வேண்டுமே! 1909-இல் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறனுக்கே சுமார் 28 கிலோ. இன்றைய ஹோண்டா 2.3 ஏறத்தாழ 14 கிலோ; காலி கேஸ் சிலிண்டரைவிடச் சற்றே இலேசு. காற்றால் குளிர்வதால், முட்டுக்காட்டு உப்பங்கழியின் மணலை உறிஞ்சும் பயமும் இல்லை.

மின்மோட்டாரா? டார்கீடோ டிராவல் வகையில் பேட்டரியைத் தனியே கழற்றித் தூக்கலாம். ஓசை குறைவு, பெட்ரோல் நாற்றம் இல்லை. தூரம் மட்டும் பேட்டரியின் கையில்.

வாங்குமுன் படகின் பின்பலகை உயரத்தை அளந்துவிடுங்கள். சுமார் 38 சென்டிமீட்டர் என்றால் குட்டைத் தண்டு மோட்டார் போதும். ஓட்டும்போது, எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும்.