உழக்குக்குள் கிழக்கு மேற்கு

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். வந்த அன்றே மோதிரம், மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். மறுநாள் நிறுக்க வீட்டில் எதுவும் மிச்சமில்லை. சரி, மைசூர்பாகு கிளறலாம் என்று மன்னார்குடிக்குப் போன் போட்டேன்.

“கடலை மாவு ஒரு டம்ளர், சர்க்கரை ரெண்டு, நெய் ரெண்டு. அவ்வளவுதான்டா” என்றாள் அம்மா.

“கிராம்ல சொல்லும்மா.”

“ஏன், நகைக்கடையா வெச்சிருக்கே?”

ஒன்றுக்கு இரண்டுக்கு இரண்டு. இது தெரியாதா எனக்கு? மாவு 100 கிராம், சர்க்கரை 200, நெய் 200. கம்பிப்பதம் வந்ததும் மாவைத் தூவினேன். அது பாகை ஒரே மடக்கில் குடித்தது. ஊற்றிய நெய்யெல்லாம் உள்ளே போனதே தவிர, ஓரத்தில் பிரிந்து வருகிற வழியாக இல்லை. நுரைத்துப் பொங்கிக் கூடு கட்ட வேண்டிய வஸ்து கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு விள்ளல் வாயில் போட்ட மனைவி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பஜ்ஜி மாவுல யாரு சர்க்கரை போட்டது?”

தராசு பொய் சொல்லவில்லை. அம்மாவும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்த நான்தான் கோளாறு. டம்ளர் அளப்பது இடத்தை. தராசு அளப்பது எடையை. தண்ணீர் ஒன்றுதான் இரண்டுக்கும் நல்லபிள்ளை: 240 மில்லி பிடிக்கும் டம்ளரில் 240 கிராம் நிற்கும். அதே டம்ளரில் சலித்த கடலை மாவு சுமார் 100 கிராம்தான். சர்க்கரையோ 200, உருக்கிய நெய் அதற்கும் கொஞ்சம் மேலே. அப்படியானால் அம்மா சொன்னது மாவு 100, சர்க்கரை 400, நெய் 430. நான் போட்டது இரண்டிலும் பாதி. கல்யாண வீட்டுக் கணக்கில் கஞ்சத்தனம். டாக்டர் கணக்கில் பத்தியம்.

விடுவேனா? மாவு டப்பாவைத் திறந்துவைத்து ஆராய்ச்சியில் இறங்கினேன். சலித்துத் தூவித் தலைதட்டினால் 98 கிராம். டப்பாவுக்குள் டம்ளரை விட்டு அள்ளினால் 116. மேடையில் இரண்டு தட்டுத் தட்டி நிரப்பினால் 131. ஒரே மாவு, ஒரே டம்ளர், ஒரே மடையன்.

டம்ளராவது ஒழுங்காக இருக்கிறதா? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பான் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180. நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாம் இரட்டை இரட்டையாகப் போகும். பாதியாக்கத் தெரிந்தால் போதும், சமையல் ஆயிற்று. 1956-ல் சட்டம் போட்டு நாடு மெட்ரிக்குக்கு மாறியது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

“எந்த டம்ளர்மா? எத்தனை மில்லி?” என்று மறுபடியும் கேட்டேன்.

“எந்த டம்ளரா இருந்தா என்னடா? மூணையும் அதுலயே அள” என்றாள். பக்கத்தில் நின்ற மனைவி, “உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கு தேடற ஆளு அத்தை இவரு” என்று போனுக்குள் சொல்லிக்கொடுத்தாள்.

என் தொல்லை தாங்காமல், சென்னைக்கு வந்த சித்தப்பாவிடம் அந்த டம்ளரையே கொடுத்தனுப்பிவிட்டாள் அம்மா. விளிம்பு நசுங்கிய பழைய எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் ஊற்றி நிறுத்தேன்: 210. மாவு, சர்க்கரை, நெய், அரிசி, பருப்பு, ரவை எல்லாவற்றையும் அதில் அளந்து, நிறுத்து, கிராம் பட்டியல் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மைசூர்பாகும் இந்தமுறை கூடு கூடாக வந்தது.

வெற்றிச் செய்தியைச் சொல்லப் போன் செய்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல அந்த டம்ளரைத் திருப்பி அனுப்பு” என்றாள் அம்மா. “நாலு நாளா சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடறதுன்னே தெரியலை.”